அப்பாவின் பேஸ்லிப்பும் பிள்ளையின் நர்சரியும்

போன மாதம் ஒரு பிறந்தநாள் விருந்து. இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கும் நாலு தமிழ்க் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் நர்சரி கட்டணத்தில் வந்து நிற்கும். அன்றைக்கும் நின்றது. 2025 செப்டம்பரிலிருந்து, வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆனதுமே வாரம் 30 மணி நேர நர்சரி அரசு செலவில் என்று ஆகிவிட்டது. அதில் எல்லாருக்கும் பெரிய நிம்மதி. அப்போது ஒருவர் சொன்னார்: "நாம வேலைக்குப் போறோம், வரி கட்டறோம், அதனால நமக்குத் தர்றாங்க. வீட்டுல இருக்கறவங்க பிள்ளைக்கு நர்சரி எதுக்கு? அதான் அம்மா வீட்டுலயே இருக்காங்களே." சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் அங்கேயே பதில் சொன்னேன். ஆனால் கேக் வெட்டுகிற இடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமா அது? அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னோடேயே சுற்றுகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நானும் கணவரும் வேலை பார்க்கிறோம். எங்கள் மகள் இந்த 30 மணி நேரத்தில்தான் நர்சரிக்குப் போகிறாள். வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் தளத்தில் விண்ணப்பித்தோம், தகுதியைக் காட்டும் கோட் எண் வந்தது, நர்சரியில் கொடுத்தோம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 'ஆமாம், இன்னும் வேலையில்தான் இருக்கிறோம்' என்று உறுதி செய்கிறோம், அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,500 பவுண்ட் வரை மிச்சமாகும் என்று அரசே சொல்கிறது. எங்கள் வீட்டுக் கணக்கில் அது சாதாரணத் தொகை கிடையாது. இந்தத் திட்டம் வருவதற்கு முன்பு நர்சரிக்குக் கட்டுவதைவிட வீட்டில் இருப்பதே மேல் என்று நல்ல வேலையை விட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஆகவே திட்டமே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அதை அடுக்கி வைத்திருக்கும் வரிசையில்தான் எனக்கு வருத்தம்.

அந்த வருத்தத்துக்கு ஒரு முகம் உண்டு. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, கிழக்கு லண்டனில், ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் இருக்கிறது. நூலகத்தில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அந்தத் தங்கச்சியைப் பழக்கம். பெயர் வேண்டாம். அவளுடைய கணவர் அகதி அந்தஸ்து கிடைத்தவர். ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட், குறைந்தபட்சக் கூலி. அவள் கைக்குழந்தையோடு வீட்டில். மூத்தவனுக்கு நான் பார்த்தபோது இரண்டரை வயது இருக்கும். மற்றப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கைதட்டும்போது அவன் வட்டத்துக்குள் வரமாட்டான். புத்தகங்களைத் தள்ளிக்கொண்டு போகும் டிராலியின் சக்கரத்தை ஒற்றை விரலால் சுழற்றிக்கொண்டே இருப்பான். தண்ணீர் வேண்டும் என்றால் சொல்லமாட்டான். அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு பையிடம் போவான். பையைத் தொட்டுக் காட்டுவதுகூட இல்லை, அவள் கையை எடுத்துப் பையின் மேல் வைப்பான்.

இரண்டு வயதுப் பரிசோதனைக்கு வந்த ஹெல்த் விசிட்டர், அதாவது சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் நர்ஸ், இதைக் கவனித்திருக்கிறார். இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்கிறானா என்ற கேள்விக்கு அவள் 'இன்னும் இல்லை' என்று குறித்திருந்தாள். பேச்சுப் பயிற்சிக்கு எழுதிப் போட்டுவிட்டு, அதற்கு நாள் ஆகும், அதுவரை காத்திருக்காமல் நர்சரியில் சேருங்கள், மற்றப் பிள்ளைகளோடு இருந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல அறிவுரை. அந்த அறிவுரையைக் கொண்டுபோய் எந்த வாசலில் நீட்டுவது என்பதுதான் சிக்கல்.

15,400 என்ற எண்

இங்கிலாந்தில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நான் மேலே சொன்ன வேலைக்குப் போகும் பெற்றோர் வழி. மற்றது வசதி குறைந்த குடும்பங்களுக்கு வாரம் 15 மணி நேரம், ஆண்டுக்கு 38 வாரம். 2013-ல் தொடங்கியபோது நாட்டின் மிக ஏழை ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு என்றும், அடுத்த ஆண்டே ஐந்தில் இரண்டு பங்குக்கு என்றும் விரித்தார்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் உதவிப் பணமான யுனிவர்சல் கிரெடிட் வாங்கும் குடும்பம் என்றால், சலுகைப் பணம் சேர்க்காமல், வரி போகக் கையில் வரும் சம்பளம் ஆண்டுக்கு 15,400 பவுண்டுக்குள் இருக்க வேண்டும்.

அவளுக்காக நான் விண்ணப்பத்தைப் பார்த்தேன். கணவருடைய பேஸ்லிப்பை மேசையில் வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தோம். தாண்டிவிட்டது. கொஞ்சமாக இல்லை, நன்றாகவே தாண்டியிருந்தது. யுனிவர்சல் கிரெடிட் இல்லாமல் வாடகை கட்ட முடியாத ஒரு குடும்பம், வசதி குறைந்த குடும்பம் என்ற பட்டியலில் வரவில்லை. அவள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "இவர் உழைக்கிற காசு வாடகைக்கே காணாது அக்கா. அதுவும் கூடிப்போச்சு எண்டு சொல்லினம்."

அந்த 15,400 எங்கிருந்து வந்தது என்று அன்றிரவு தேடிப் பார்த்தேன். 2018-ல் வைத்த வரம்பு அது. அந்த ஆண்டு ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.83 பவுண்ட். வாரம் 37.5 மணி நேரம், 52 வாரம் என்று பெருக்கினால் ஆண்டுக்கு 15,268. அதாவது வரி பிடிப்பதற்கு முன்பே வரம்புக்குள். முழு நேரம் குறைந்தபட்சக் கூலிக்கு உழைக்கும் ஒரு அப்பா, வீட்டில் இருக்கும் ஒரு அம்மா: இந்தக் குடும்பத்தின் பிள்ளை 2018-ல் உள்ளே. 2024 ஏப்ரலில் கூலி 11.44 ஆனது. அதே மணி நேரம், அதே வேலை, வரியெல்லாம் போக ஏறக்குறைய 19,500 பவுண்ட். 2025 ஏப்ரலில் 12.21. வரம்பு மட்டும் அன்றிருந்த இடத்திலேயே இருக்கிறது. வாடகையும் சாமான் விலையும் கூலியோடு சேர்ந்து ஏறியதால் அந்தக் குடும்பம் முன்னைவிட வசதியாகிவிடவில்லை. ஆனாலும் கணக்கின்படி பிள்ளை வெளியே. எந்த அமைச்சரும் 'இந்தப் பிள்ளைகளுக்கு இனிமேல் கிடையாது' என்று அறிவிக்கவில்லை. பாராளுமன்றத்தில் விவாதமும் தேவைப்படவில்லை. ஒரு எண்ணை யாரும் தொடாமல் விட்டதே அந்த வேலையைச் செய்துவிட்டது. எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. வெட்டினால் எதிர்த்துக் கேட்கலாம். தானாகத் தேய்ந்து போவதை எங்கே போய்க் கேட்பது?

சரி, அந்த வழி அடைந்தது, மற்ற வழி? வேலைக்குப் போகும் பெற்றோர் என்ற கணக்கில் வர, இரண்டு பெற்றோர் உள்ள வீட்டில் இருவருமே சம்பாதிக்க வேண்டும். ஒவ்வொருவரும் வாரம் 16 மணி நேரம் குறைந்தபட்சக் கூலி வாங்கும் அளவுக்காவது. 2025-26 கணக்கில் வாரம் 195.36 பவுண்ட். மேல் வரம்பு ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 1,00,000 பவுண்ட். ஆளுக்கு 90,000 வாங்கும் தம்பதிக்கு 30 மணி நேரம் உண்டு. அவர்கள் இருவருக்கும் சேர்த்து 1,80,000. கிடங்கில் இரவு முழுக்கப் பெட்டி தூக்கும் ஒருவருடைய பிள்ளைக்கு அதே இரண்டு வயதில் ஒரு மணி நேரம்கூட இல்லை. முதல் தடவை இதை எழுதிப் பார்த்தபோது நான் எங்கோ தவறாகப் படித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுபடி படித்தேன். சரியாகத்தான் இருந்தது.

'அவளும் வேலைக்குப் போகட்டுமே' என்பது விருந்தில் வந்த அடுத்த பேச்சு. அவளுக்கும் ஆசைதான். ஊரில் முன்பள்ளியில் உதவியாளராக இருந்தவள். ஆனால் ஆங்கில வகுப்புக்குப் போகவே பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டியை அழைத்து வந்தாலும் விசிட் விசாவில் ஆறு மாதம். "வேலைக்குப் போனாத்தான் நர்சரி எண்டால், இவனை ஆரிட்ட விட்டிட்டு வேலை தேடுறது?" என்று அவள் கேட்டாள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதே கதை. அதைவிட முக்கியம், அவள் வேலைக்குப் போவதும் போகாததும் அந்தப் பையனின் பேச்சோடு என்ன சம்பந்தம்? அவனுக்குத் தேவையானது அவன் தேவை. அம்மாவின் ஷிஃப்டைப் பார்த்தா அது கூடிக் குறையும்?

எத்தனை மணி நேரம் என்பதில் ஒரு திருத்தம்

இந்த நாட்டில் இது இப்படித் தொடங்கவில்லை. 2004 வாக்கில் மூன்று வயதான எல்லாப் பிள்ளைகளுக்கும் பகுதி நேர இடம் என்று ஆனது. 2010-ல் அது வாரம் 15 மணி நேரம். அப்பா என்ன வேலை, அம்மா எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போலவே, பிள்ளை என்றால் உண்டு. 2017-ல் மூன்று, நான்கு வயதுக்கு 30 மணி நேரம் என்று கூட்டியபோதுதான் 'வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மட்டும்' என்ற கோடு விழுந்தது. 2023 மார்ச் பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் அந்தக் கோட்டை ஒன்பது மாதம் வரை கீழே இழுத்தார். அடுத்து வந்த லேபர் அரசும் அதை அப்படியே நடத்தி முடித்தது. கல்வியில் சம வாய்ப்புக்காக இயங்கும் சட்டன் டிரஸ்ட் 2021-ல் கணக்குப் பார்த்தபோது, வருமானத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கில் உள்ள குடும்பங்களில் 20 சதவீதம்தான் 30 மணி நேரத்துக்குத் தகுதி. தகுதி பெற்றவர்களில் 70 சதவீதம் மேல் பாதியில் இருப்பவர்கள். அது விரிவாக்கத்துக்கு முன்பு. விரிவாக்கத்தைப் பற்றி நிதி ஆய்வு நிறுவனமான ஐ.எஃப்.எஸ். சொன்னதும் அதே திசைதான்: மிக ஏழையான மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களுக்கு நேரடிப் பயன் கிட்டத்தட்ட இல்லை.

இங்கே என் பக்க வாதத்துக்கு எதிரான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'ஏழைப் பிள்ளைக்கும் 30 மணி நேரம் கொடு' என்பதுதான் எனக்கும் முதலில் தோன்றிய கோரிக்கை. ஆனால் 1997-ல் தொடங்கி ஏறக்குறைய 3,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஈ.பி.பி.ஈ. என்ற முன்பள்ளிக் கல்வி ஆய்வு இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. முன்பள்ளிக்குப் போன பிள்ளைகள் போகாதவர்களைவிட முன்னே இருந்தார்கள். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு நல்ல தரமான இடம் கிடைத்தபோது பலன் குறிப்பாகத் தெரிந்தது. சீக்கிரம் தொடங்கியது உதவியது. ஆனால் முழு நாள் போனவர்கள் அரை நாள் போனவர்களைவிடக் கூடுதலாக ஒன்றும் பெற்றுவிடவில்லை. அரை நாள் போதும், அது இரண்டு வயதிலேயே தொடங்க வேண்டும், நல்ல ஆசிரியர் இருக்க வேண்டும். அப்படியானால் அந்தப் பையனுக்கு 15 மணி நேரம் என்பது குறைவே கிடையாது. கிடைத்தால்தான். அந்தக் 'கிடைத்தால்' எவ்வளவு பெரியது என்று 2025 செப்டம்பரில் தெரிந்தது.

மேலாளரின் திரை

பையனுக்கு 2025 ஏப்ரல் நடுவில் மூன்று வயது முடிந்தது. மூன்று வயதானால் எல்லாருக்கும் 15 மணி நேரம் உண்டு என்பதால் இனிமேல் பிரச்சினை இல்லை என்று அவள் நினைத்தாள். ஆனால் பிறந்தநாளுக்கு அடுத்து வரும் பருவத்திலிருந்துதான் கணக்கு. ஜனவரி 1, ஏப்ரல் 1, செப்டம்பர் 1 என்று மூன்று தேதிகள். ஏப்ரல் 1-ஐ இரண்டு வாரத்தில் தவறவிட்டவன் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். கோடை முழுக்க அதே டிராலிச் சக்கரம். அந்தச் செப்டம்பர்தான் 30 மணி நேரம் ஒன்பது மாதப் பிள்ளைகள் வரை விரிந்த செப்டம்பரும். ஊரில் இருக்கிற வேலைக்குப் போகும் குடும்பங்கள் எல்லாம் கையில் கோடோடு நர்சரி வாசலில் நின்ற நேரத்தில் இவள் போய் நின்றாள்.

நானும் சேர்ந்து ஃபோன் செய்தேன். எல்லா இடத்திலும் இரண்டாவது கேள்வி ஒன்றேதான்: எத்தனை மணி நேரம்? 15 மட்டும் என்றதும் குரலின் தொனி மாறும். காத்திருப்போர் பட்டியலில் போடுகிறோம் என்பார்கள். ஒரு தனியார் நர்சரியின் மேலாளர் மட்டும் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பிள்ளைகள் தூங்கும் மதிய வேளை. மடிக்கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். திங்கள் முதல் வெள்ளி வரை கட்டங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறப் பட்டை. பெரும்பாலான பட்டைகள் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை ஒரே நீளமாக ஓடின. பல் வரிசையில் பல் விழுந்த இடைவெளி போல வியாழன் காலை ஒரு துண்டு, வெள்ளி மதியம் ஒரு துண்டு. "இந்த இரண்டு துண்டைத்தான் என்னால் தர முடியும். வாரத்துக்கு ஏழு மணி நேரம் வரும்" என்றார்.

ஏன் என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு அரசு உள்ளூர் கவுன்சில்களுக்குக் கொடுக்கும் தொகை 2025-26-ல் நாட்டுச் சராசரியாக மணிக்கு 6.12 பவுண்ட், இரண்டு வயதுக்கு 8.53, அதற்கும் கீழே 11.54. மூன்று வயதில் எட்டுப் பிள்ளைக்கு ஒரு ஊழியர். குறைந்தபட்சக் கூலி 12.21, அதற்கு மேல் 2025 ஏப்ரலில் 15 சதவீதமாக உயர்ந்த முதலாளி தரப்பு நேஷனல் இன்ஷூரன்ஸ் (சம்பளத்தின் மேல் முதலாளி அரசுக்குக் கட்டுவது), வாடகை, வெளிச்சம், சாப்பாடு. அரசு தரும் தொகையில் மட்டும் நடத்தினால் கை கடிக்கிறது. அந்த ஓட்டையை அடைப்பது, 30 மணி நேரத்துக்கு மேல் வாரம் இருபது மணி நேரம் காசு கொடுத்து வாங்கும் பெற்றோர். 38 வாரம் போக மீதி 14 வாரத்துக்கும் அவர்கள்தான் கட்டுகிறார்கள். 15 மணி நேரம் மட்டும் எடுத்துக்கொண்டு வேறு எதையும் வாங்க முடியாத குடும்பத்தின் பிள்ளை, அவர் கணக்குப் புத்தகத்தில் ஒரு முழுநாள் பிள்ளையின் இடத்தைப் பாதி அடைத்துக்கொள்ளும் பிள்ளை. "எனக்கும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் போட வேண்டும்" என்றார். அவர் சொன்னது பொய் கிடையாது.

அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது என் எண்ணம் மாறியிருந்தது. அதுவரை 15,400-ஐ உயர்த்தினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் நாளைக்கே உயர்த்தினாலும் அந்தப் பையன் கையில் ஒரு தகுதிக் கடிதம் வரும், இடம் வராது. ஒரு பிள்ளைக்கு 30, இன்னொரு பிள்ளைக்கு 15 என்று அரசே வைத்துவிட்டால், இடம் குறைவாக இருக்கும் ஊரில் 15 எப்போதும் தோற்கும். என் மகளுக்குக் கிடைத்த மணி நேரம் அவனுடைய மணி நேரத்தோடு போட்டி போடுகிறது. விருந்தில் பேசியவர்களுக்கு இதைத்தான் புரிய வைக்க முடியவில்லை. 'நமக்கும் கிடைக்கட்டும், அவங்களுக்கும் கிடைக்கட்டும்' என்று நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கட்டங்கள் ஒரே திரையில் இருக்கின்றன.

ஊர் அளவில் பார்த்தால் இது இன்னும் மோசம். பெற்றோர் கூடுதல் மணி நேரம் வாங்கும் பகுதியில் நர்சரி நடத்தலாம். யாரும் வாங்க முடியாத பகுதியில் மேலாளரின் கணக்கு ஒருபோதும் நேராகாது. ஆக, எங்கே பிள்ளைகளுக்கு நர்சரி மிகவும் தேவையோ அங்கே புதிதாகத் திறக்க ஆள் இல்லை. அந்தப் பகுதிகளைத் தாங்கி வந்தவை தலைமையாசிரியரும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் உள்ள அரசு நர்சரிப் பள்ளிகள். பெரும்பாலும் ஏழைப் பகுதிகளில் இருப்பவை. நாடு முழுக்க இப்போது 400-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. வசதி குறைந்த பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் கூடுதலாகக் கொஞ்சம் தருகிறார்கள்: 2025-26-ல் அது மணிக்கு ஒரு பவுண்ட், ஆண்டுக்கு அதிகபட்சம் 570. அதே பிள்ளை ஆரம்பப் பள்ளிக்குப் போனதும் அவனுக்காகப் பள்ளிக்கு அதே ஆண்டுக் கணக்கில் கிடைத்தது 1,515. மூன்று வயதில் 570-க்குச் சரி செய்யக்கூடியதை ஆறு வயதில் 1,515 கொடுத்துத் துரத்துகிறோம். பள்ளியின் முதல் வகுப்பான ரிசெப்ஷன் முடிவில் நல்ல வளர்ச்சி நிலையை எட்டும் பிள்ளைகளை 2028-க்குள் 75 சதவீதமாக்குவது அரசின் இலக்கு. இலவசப் பள்ளி உணவு பெறும் பிள்ளைகளில் இப்போது எட்டுவது ஏறக்குறைய பாதிப் பேர். அந்த மீதிப் பாதியைத் தொடாமல் 75 எப்படி வரும்?

வேறு வழி கிடையாது என்று சொல்லவும் முடியாது. ரயிலேறிப் போகும் தூரத்திலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2021 ஆகஸ்ட் முதல் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆண்டுக்கு 1,140 மணி நேரம். பெற்றோர் வேலையைப் பற்றிக் கேள்வியே இல்லை. இங்கிலாந்தின் 30 மணி நேரமும் 38 வாரத்தால் பெருக்கினால் அதே 1,140தான். வேல்ஸில் ஃப்ளையிங் ஸ்டார்ட் என்று ஒரு திட்டம். அது குடும்பத்தைப் பார்க்காமல் பகுதியைப் பார்க்கிறது. ஏழைப் பகுதி என்று குறித்த தெருவில் வசித்தால் அங்குள்ள இரண்டு வயதுப் பிள்ளைக்கு வாரம் 12.5 மணி நேரம் உண்டு. பேஸ்லிப் கேட்பதில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு ஏழைக் குடும்பம் விடுபடலாம் என்ற குறை அதில் உண்டு. ஆனாலும் பணம் அந்தப் பகுதிக்கே போவதால் அங்கே இடங்கள் உருவாகின்றன. எனக்கு இந்த யோசனையே அதிகம் பிடிக்கிறது. தகுதியைக் கையில் கொடுத்துவிட்டு இடத்தை நீயே தேடிக்கொள் என்று விடுவதைவிட, இடத்தை முதலில் கட்டுவது மேல். அதோடு, அரை நாள் பிள்ளையைச் சேர்த்தால் நர்சரிக்கு நட்டம் வராத அளவுக்கு அந்த மணி நேரத்துக்குக் கூடுதல் விலை வைக்க வேண்டும். இதற்கான பணத்துக்கு, ஒரு லட்சம் பவுண்ட் என்ற மேல் வரம்பை இறக்கினால் என்ன? எங்கள் வீட்டுக்கு அது இடித்தாலும் நான் ஆதரித்துத்தான் பேசுவேன்.

பையனுக்கு 2026 ஜனவரியில் இடம் கிடைத்தது. ஒரு ஆரம்பப் பள்ளியோடு சேர்ந்த நர்சரி வகுப்பில், மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை, வாரம் ஐந்து நாள். கவுன்சில் தளத்தில் இருந்த பட்டியல்களில் தனியார் நர்சரிகளையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்தப் பள்ளி வகுப்புகள் கண்ணில் படவில்லை; நூலகத்தில் இருந்த ஒரு பெண்மணிதான் சொன்னார். அங்கே உள்ள ஆசிரியை முதல் வாரமே அவன் கை பிடித்து இழுப்பதைக் கவனித்து, படங்கள் ஒட்டிய ஒரு சின்ன அட்டையைக் கொடுத்திருக்கிறார். வேண்டியதை அதில் தொட்டுக் காட்டுகிறான். தண்ணீர் என்பதை மட்டும் தமிழில் 'தண்ணி' என்றே சொல்கிறானாம், அந்த ஆசிரியையும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டுவிட்டார். இது 2024 செப்டம்பரில் நடந்திருக்க வேண்டியது. செப்டம்பர் 2026-ல் அவன் ரிசெப்ஷன் போய்விடுவான். அரசு சொல்லும் முன்பள்ளிக் காலத்தில் அவனுக்குக் கிடைப்பது இரண்டு பருவங்கள்.

இதைப் படிக்கும் விசாக் குடும்பங்களுக்கு

ஒரு விஷயத்தைச் சொல்லி நிறுத்துகிறேன், ஏனென்றால் நம் ஆட்களில் நிறையப் பேருக்கு இது தெரியவில்லை. ஸ்கில்டு வொர்க்கர் விசா, கேர் விசாவில் இருப்பவர்களுக்கு ஈ-விசாவில் (இணையத்தில் இருக்கும் விசாப் பதிவில்) பொது நிதி உதவி கிடையாது என்று போட்டிருக்கும். கணவன் மனைவி இருவருக்குமே அப்படி என்றால், இருவரும் முழு நேரம் வேலை பார்த்து வரி கட்டினாலும் 30 மணி நேரத் திட்டம் கிடைக்காது. அது அநியாயம் என்பது என் கருத்து. ஆனால் அதைப் பார்த்துவிட்டு எதுவுமே கிடையாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்று வயதானால் வரும் 15 மணி நேரம் விசா எதுவானாலும் உண்டு. இரண்டு வயதுக்கான 15 மணி நேரமும் உங்களுக்கு உண்டு. அதற்கு வேறு வரம்பு: லண்டனில் ஒரு பிள்ளை என்றால் குடும்ப வருமானம் 34,500 பவுண்ட் வரை, இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 38,600 வரை. லண்டனுக்கு வெளியே 26,500, 30,600. சேமிப்பு 16,000-க்கு மேல் இருக்கக் கூடாது. அகதிக் கோரிக்கை முடிவாகாமல் அரசு உதவியில் இருக்கும் குடும்பங்களின் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் இது உண்டு. கவுன்சிலின் குடும்பத் தகவல் பிரிவுக்கு ஃபோன் செய்து, எந்தப் படிவம் என்று கேளுங்கள். அப்படியே பக்கத்து ஆரம்பப் பள்ளியில் நர்சரி வகுப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும் முன்பே கேளுங்கள், பிறந்தநாள் கழிந்த பிறகு கேட்டால் ஒரு பருவம் சும்மா போய்விடலாம்.